என் கைக்கு அளவெடுத்த உளி

பன்னிரண்டு வயதில் நான் ஒரு திருட்டுச் செய்தேன். அதைவிடக் கேவலமான காரியத்தை அதற்கு மறுநாள் செய்தேன். அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. ஓர் உண்மையைச் சொன்னேன். அந்த உண்மையால் ஒரு மனிதருக்குப் பிழைப்புப் போயிற்று, பெற்ற மகனுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பிற்று. இதை எழுத எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகவேண்டியிருந்தது.

பாளையங்கோட்டைப் பக்கத்து மிஷன் ஊர்களில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு மரப் பண்டிகை நினைவிருக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குள் ஒரு சவுக்கு மரத்தை நட்டு, கலர்த்தாள் சுற்றி, வீடுவீடாக வந்த பொட்டலங்களை அதன் அடியில் குவித்திருப்பார்கள். பெற்றவர்கள் பிள்ளைக்கு வாங்கியதைக் காகிதத்தில் கட்டி, பிள்ளையின் பெயரை மட்டும் சீட்டில் எழுதிச் செருகி, மத்தியானமே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவர் பெயர் இருக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் தாத்தா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். எங்கள் ஊரில் தாத்தா வேஷம் டிரில் மாஸ்டருக்கு. யார் கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை, நான்தான் கொடுத்தேன் என்று யாரும் சொல்வதும் இல்லை. சொன்னால் பண்டிகை கெட்டுப்போகும் என்று எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு. எதுவும் அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கோயில் செலவில் சில பொட்டலங்கள் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு பென்சில், ஒரு ரப்பர், இரண்டு முறுக்கு. அதற்குப் பொதுப் பொட்டலம் என்று பெயர்.

என் அப்பா அந்த ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர். கோயில் கமிட்டியிலும் இருந்தார். கோயிலுக்குப் பின்னால், ஆற்றுக்கு இறங்கும் பாதையில், தகரம் போட்ட கொட்டகையில் தச்சர் வேலைசெய்தார். அவருடைய மகன் என் வகுப்பு. ஒரே பெஞ்சு. அவனுக்கு ஆற்றில் நீந்துவதும் பந்து விளையாடுவதும் போதும். கொட்டகைப் பக்கம் போகமாட்டான். நான்தான் பள்ளி விட்டதும் அங்கே போய் நிற்பேன். மரம் ஒட்ட வஜ்ஜிரப் பசை காய்ச்சும் நாற்றம் முதலில் குமட்டும், பிறகு அது இல்லாமல் இருக்க முடியாது. இழைப்புளி ஓட ஓடச் சுருள்சுருளாக வந்து விழும் மரச் சீவல்களைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தச்சர் அதிகம் பேசமாட்டார். அறுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, அறுத்து முடித்ததும் "ம்" என்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, கையைக் காட்டுங்க. வலது கை."

காட்டினேன். உள்ளங்கையில் கரித்தூளைப் பூசினார். அரைகுறையாகச் செதுக்கிய ஒரு மரப்பிடியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்து விட்டதும், கரி ஒட்டிய இடங்களை மட்டும் சீவினார். மறுபடி கரி, மறுபடி பிடி. பிடி முழுதும் ஒரே சீராகக் கரி ஒட்டும்வரை விடவில்லை.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"என் மவனுக்குத்தான். மரப் பண்டிகைக்கு ஒரு பெட்டி செய்யுதேன். சின்ன இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, கைவாள், மூலைமட்டம். எல்லாம் அவன் கைக்குன்னு. அவனைக் கூப்பிட்டு அளவெடுத்தா தெரிஞ்சுபோயிரும்லா? உங்க கையும் அவன் கையும் ஒண்ணு போலதான் இருக்கு. நான் பார்த்துட்டேன்." கொஞ்சம் சிரித்தார். "கைக்குத் தோதா ஒண்ணு கிடைச்சா கொட்டகைக்கு வருவான்னு ஒரு நெனப்பு. அவன்கிட்ட மூச்சு விட்றாதீங்க, தம்பி."

நான் மூச்சு விடவில்லை. இரண்டு மாதம் என் கையில் கரி பூசிக்கொண்டேன். ஒவ்வொரு கருவியாக உருவாவதைப் பார்த்தேன். உளியின் இரும்பு, பழைய அரம் ஒன்றைத் தட்டிச் செய்தது. பிடி கருவேல மரம். கையில் வைத்தால் அது என் கையிலேயே முளைத்தது போலிருக்கும். அதைப் போன்ற ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் தொட்டதில்லை. எனக்கு அப்பா வாங்கித் தருவது புத்தகம் என்று தெரியும். வருஷா வருஷம் புத்தகம்தான். அந்த வருஷம் ஓர் ஆங்கில அகராதி.

பண்டிகை அன்று மத்தியானம் அம்மா என்னிடம் எங்கள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டாள். வெஸ்திரியில், குருவானவர் அங்கி மாற்றும் அந்தச் சின்ன அறையில், பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. மணி அடிக்கிற கோயில்குட்டியார், "அங்கன வச்சுட்டுப் போலே" என்று சொல்லிவிட்டுச் சவுக்கு மரத்தைக் கட்டப் போய்விட்டார். எங்கள் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன். மூலையில் அது இருந்தது. செய்தித்தாள் சுற்றி, சணல் கட்டி. தூக்காமலே எடை தெரிந்தது. சணலுக்கு அடியில் தச்சர் மகனின் பெயர், பென்சிலில், ஒவ்வோர் எழுத்தும் அறுத்து வைத்தது போல.

சீட்டை உருவினேன். வெஸ்திரி மேஜையில் காகிதமும் பென்சிலும் இருந்தன. இடது கையால் என் பெயரை எழுதிச் செருகினேன். பழைய சீட்டை எங்கே போடுவது என்று தெரியவில்லை. வாயில் போட்டு மென்று விழுங்கினேன். சீட்டில் ஏறியிருந்த செய்தித்தாளின் மண்ணெண்ணெய் வாடையும் பென்சில் கரியும் இன்றும் என் நாக்கில் இருக்கின்றன.

சாயங்காலம் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். முதலில் அகராதி. இரண்டாவதைத் தூக்கும்போது தாத்தாவின் பஞ்சுத் தாடி விலகியது.

"என்னலே இது, உங்க வீட்டு அம்மியக் கட்டி அனுப்பிட்டாங்களா?"

கோயில் சிரித்தது. சணல் அறுந்து காகிதம் விலகிற்று. வாகைப் பலகையில் செய்த பெட்டி, மூடியில் கைப்பிடி, மூலைகள் விரல் கோத்தது போலப் பூட்டியவை. அந்த ஊரில் அப்படி மூலை பூட்ட ஒருவரால்தான் முடியும். சிரிப்பு நின்றது. ஆண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாகத் தச்சரை நோக்கித் திரும்பின. அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதோ சொல்லப் போகிறேன், அதைக் கேட்கலாம் என்பது போல ஒரு பார்வை. நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தேன்.

எல்லாப் பெயரும் முடிந்தது. "பேர் விட்டுப்போன பிள்ளை யாரும் உண்டா?" என்று தாத்தா கேட்டார். வழக்கமாகக் குளத்தங்கரை வீடுகளின் பிள்ளைகள் எழுவார்கள். அவர்களோடு தச்சர் மகனும் எழுந்தான். புதுச்சட்டை போட்டிருந்தான்.

"உங்கப்பாவுக்கு இந்த வருசம் வீட்டு வேலைக்குக் கை ஓடலையோலே?" என்றார் தாத்தா. பெரியவர்கள் சிரித்தார்கள். அவன் பொதுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தன் அப்பா பக்கத்தில் போகாமல், பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

தச்சர் அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். கொடுத்ததைச் சொல்லக் கூடாது என்கிற கட்டுப்பாடு அவர் வாயைக் கட்டியது. நான் அதை நம்பித்தான் திருடினேன். அந்த வயதிலேயே எனக்கு அவ்வளவு புத்தி இருந்தது.

பள்ளிக்குப் புதுக்கட்டடம் எழும்பியிருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். அத்தனை வகுப்புக்கும் பெஞ்சும் டெஸ்க்கும் செய்யும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று கமிட்டி முடிவுசெய்ய இரண்டு நாள் இருந்தது. தச்சரும் கேட்டிருந்தார். கிடைத்தால் இரண்டு வருஷத்துக்கு அடுப்பு எரியும் என்று அவர் மனைவி என் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் அந்தப் பெட்டியில் பார்த்தது இதைத்தான். பெற்ற பிள்ளையை வெறுங்கையோடு விட்டுவிட்டு, ஹெட்மாஸ்டர் மகனுக்குப் பெட்டி செய்திருக்கிறார்.

மறுநாள் காலையில் அப்பா தச்சரை வரச்சொன்னார். முன்கூடத்தில் மேஜைமேல் பெட்டி திறந்திருந்தது. அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"இது உம்ம வேலைதானே?"

"என் வேலைதான் சார்."

"நாளைக்குக் கமிட்டி கூடுது. தெரியும்லா?"

"தெரியும் சார். ஆனா இது தம்பிக்குச் செஞ்சது இல்ல. என் மவனுக்குச் செஞ்சது. சீட்டு எப்படியோ மாறிட்டு."

"ஒரு பெட்டி மேல இருந்த சீட்டு தானா மாறுமா வே? மாறியிருந்தா உம்ம மவன் பேரு வேற ஒரு பொட்டலத்துல இருந்திருக்கணும்லா?"

தச்சர் திரும்பி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "தம்பிக்கு எல்லாம் தெரியும் சார். அவங்ககிட்டயே கேளுங்க" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. சாட்சி ஒருவன் இருக்கிறான் என்ற நிம்மதி.

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னலே? இது யாருக்குச் செஞ்சது?"

நான் சொன்னேன்: "என் கையிலதான் கரி பூசி அளவெடுத்தாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

தச்சரின் கண் என் முகத்திலிருந்து என் வலது கைக்கு இறங்கிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்பா உளியை எடுத்து என் கையில் வைத்துப் பார்த்தார். அது என் கையில் பொருந்தி உட்கார்ந்தது.

"எடுத்துக்கிட்டுப் போரும்" என்றார் அப்பா.

"இதை நான் திருப்பி வாங்குனா, உங்களுக்குக் கொடுத்தது நான்தான்னு ஆயிரும் சார்" என்றார் தச்சர். "வாங்க மாட்டேன்."

படி இறங்கும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, நின்று, சரியாகப் போட்டுக்கொண்டு போனார்.

பெஞ்சு வேலை டவுணில் ஒரு மரக்கடைக்குப் போயிற்று. அந்த பெஞ்சுகள் ஒரே வருஷத்தில் ஆட ஆரம்பித்தன. எட்டாம் வகுப்பு முழுவதும் பெஞ்சுக் காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்துத்தான் நாங்கள் எழுதினோம்.

பெட்டியை அப்பா வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாகப் படைத்துவிட்டார். அதற்கு முன்னாலேயே நான் உளியை எடுத்து, என் டிரங்குப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள் அல்லவா. பூசணிக்காய், கோழி, நெல்மூட்டை எல்லாம் போனபிறகு பெட்டி வந்தது. முதல் கேள்விக்கே பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தச்சர்.

"செஞ்சவரே வாங்குதாரு வே" என்றார் ஒருவர்.

"அடுத்த ஹெட்மாஸ்டருக்குக் கொடுக்கதுக்கு வேணும்லா, அண்ணாச்சி" என்றார் இன்னொருவர்.

பந்தல் முழுதும் சிரித்தது. தச்சர் கையை இறக்கிவிட்டார். முக்கூடலிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு விவசாயி பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சைக்கிள் கேரியரில் அதைக் கட்டும்போது உள்ளே கருவிகள் ஒன்றோடொன்று மோதிய சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெட்டியை யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் தச்சர் குடும்பம் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊருக்குப் போயிற்று. அங்கே வள்ளம் கட்டும் வேலை. மகன் பள்ளியிலிருந்து நின்றான். போகும் நாளில் பஸ் நிறுத்தத்தில் அவனைப் பார்த்தேன். "லே" என்று கூப்பிட்டேன். அவன் தன் அப்பாவின் பக்கத்தில் நிற்காமல் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். திரும்பவில்லை.

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம். பிறகு அப்பா. என் அப்பா நேர்மையானவர். அந்த நேர்மைக்கு அவர் தன் வாழ்நாள் முழுக்கச் சொன்ன உதாரணம் இந்தப் பெட்டிதான். "என் மவனுக்கு வந்ததையே கோயிலுக்குக் கொடுத்தேன்" என்று விருந்தாளிகளிடம் சொல்வார். நான் அதே மேஜையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அவருடைய அடக்க ஆராதனையில் குருவானவர் அந்தக் கதையைச் சொன்னார். நான் முன்வரிசையில் இருந்தேன். நான் வாய் திறந்தால் செத்தவர் பெயர் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவிடம் நான் கேட்காமல் இருந்த ஒரே கேள்வி, ஒரு தச்சர் லஞ்சமாகக் கொடுக்க நினைத்தால் மேஜையோ நாற்காலியோ செய்யமாட்டாரா, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கு எதற்காக அளவெடுப்பார் என்பது. அப்பா அதை யோசிக்கவே இல்லை. அவருக்கு யோசிக்க நேரம் இருந்தது.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், தச்சர் மகன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்று டவுணில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உளியை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுண் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் காணவில்லை. "வாங்க சார், உக்காருங்க" என்றார். நான் இன்னார் மகன் என்றேன். அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்தார், ஆனால் 'சார்' போய்விட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை விழுங்கியது வரைக்கும். துண்டை விரித்து உளியை வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"உன் கையிலதான் அளவெடுத்தாரா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. நம்ம ரெண்டு பேர் கையும் ஒண்ணு போல இருக்குன்னு சொன்னாங்க."

"அதைத்தான் அவரும் சொன்னாரு." வெளியே ஏதோ வண்டி போயிற்று. அது போகும்வரை காத்திருந்தார். "நூறு தடவை சொன்னாரு. நான் நம்பலை. பெத்த மவன் கைக்கு அளவெடுக்க அடுத்தவன் கையை எவன் பிடிப்பான்னு கேட்டேன். கொட்டகைக்கு வாலே வாலேன்னு கூப்பிட்டுப் பார்த்தாரு. ஒரு நாள் போகலை. படுக்கையில கெடந்தப்பவும் அதையே சொன்னாரு. சரிப்பா, சரிப்பான்னேன். நம்பிச் சொல்லலை. அவருக்கும் அது தெரிஞ்சுது."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட கேட்டா ஆச்சா? அன்னைக்குக் கோயில் நெறைய ஆள் பார்த்தாங்க. அங்கன போய்ச் சொல்லு."

அந்த டிசம்பரில் எங்கள் ஊர்க் கோயிலில் குருவானவரிடம் அனுமதி கேட்டேன். இளைஞர். "தாராளமா பேசுங்க ஐயா, ஆனா அஞ்சு நிமிசம்" என்றார். மரப் பண்டிகையில், இப்போது பிளாஸ்டிக் மரம், ஒலிபெருக்கி முன்னால் நின்றேன். அன்று இருந்தவர்களில் மூன்றோ நான்கோ பேர்தான் உயிரோடு இருந்தார்கள். தச்சர் மகன் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

சொல்ல ஆரம்பித்தேன். சீட்டை மென்று விழுங்கினேன் என்றபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மி என்று தாத்தா சொன்னதைச் சொன்னபோது பெரியவர்களும் சிரித்தார்கள். தச்சரைப் பற்றி, பெஞ்சு வேலையைப் பற்றி, நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு தடவை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். அது உருக்கமாக இருந்திருக்க வேண்டும். கைதட்டினார்கள். குருவானவர் ஒலிபெருக்கியை வாங்கி, "இந்த வயசுலயும் எவ்வளவு நல்ல மனசு பாருங்க" என்றார். நான் "இல்லை, நான் இன்னும்" என்றேன். அதற்குள் தாத்தா வேஷம் போட்டிருந்த பையன் மணியை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

பெயர்களைக் கூப்பிட்டார்கள். நடுவில் என் பெயர் வந்தது. இந்த வயதில் இவருக்கா என்று எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். சின்னப் பொட்டலம். செய்தித்தாள், சணல். சீட்டில் பென்சிலால் என் பெயர் மட்டும். பிரிக்காமலே என்னவென்று தெரிந்தது. அவர் வீட்டு மேஜையில் நான் விட்டுவிட்டு வந்தது.

கூட்டம் கலையும்போது வாசலில் அவரைப் பிடித்தேன். கொடுத்தவரைக் கேட்கக் கூடாது என்பது எனக்கு மறந்துபோயிற்று.

"இது உங்களுக்குச் செஞ்சது. உங்களுக்குத்தான் சேரணும்."

"நீ சொல்லிட்டே. அவங்க காதுல அது கதையாப் போச்சு. அதுக்கு நீ என்ன செய்வே" என்றார். பைய படி இறங்கினார். கீழ்ப் படியில் நின்று திரும்பினார். "எங்கப்பா ரெண்டு மாசம் பிடிச்சுக்கிட்டு இருந்தது உன் கையைத்தானலே. என் கையை அவர் அப்படிப் பிடிக்க நான் விடவே இல்ல. நீயே வச்சுக்க."

பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

இன்று காலை அதை எடுத்துப் பார்த்தேன். கடற்கரையில் எத்தனையோ கருவிகள் பார்த்தவருடைய மகன், ஒருநாளும் கொட்டகைக்குப் போகாதவர், யாரிடமோ கொடுத்து அதைச் சாணை பிடித்து அனுப்பியிருக்கிறார். அல்லது தானே பிடித்தாரோ, தெரியாது. இரும்பில் எண்ணெய் பூசியிருந்தது. கையில் எடுத்து, அன்று சொல்லித்தந்தபடி இறுக்கிப் பிடித்தேன். என் கை பெரிதாகிவிட்டது. பிடி முழுவதும் உள்ளங்கைக்குள் மறைந்துபோயிற்று. கூர் மட்டும் வெளியே நின்றது.